தோலுக்குள் ஒரு சொட்டு

ஊசி போடுவது எனக்குப் பழகிய வேலை. செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் உத்திரமேரூர்ப் பக்கம் அந்த ஆராய்ச்சி வேலைக்கு வந்தேன். வந்த முதல் வாரமே எனக்கு ஊசி போடத் தெரியாது என்பது தெரிந்துபோயிற்று.

மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி அது. வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் கொசு கடித்து வருகிற காய்ச்சல். தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிறது. தோள்பட்டைச் சதையில் போடுவார்கள். அதே மருந்தை வேறு விதமாகப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போலச் சதையில் முழு அளவு. இன்னொரு பிரிவினருக்கு முன்கையில், தோலுக்குள்ளேயே, மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு. மூன்றாவது பிரிவினருக்கு ஊசியே கிடையாது. ஒரு கருவியைத் தோலில் வைத்து அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், மருந்து உள்ளே போயிருக்கும். கொஞ்சம் மருந்திலேயே உடம்பு நோயை எதிர்க்கக் கற்றுக்கொண்டால் இருக்கிற மருந்து இன்னும் நிறைய பேருக்குப் போய்ச் சேரும். யாருக்கு எந்த விதம் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை, குலுக்கல்தான் முடிவு செய்யும்.

என்னைப் படுத்தியது அந்தத் தோலுக்குள் போடும் விதம். ஊசியைக் குத்தக் கூடாது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, நுனி மட்டும் உள்ளே போகிற மாதிரி நகர்த்த வேண்டும். சரியாகப் போனால் தோல் வெளுத்து, சின்னக் கொப்புளமாக எழும்பும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் கொப்புளம் வராது, மருந்து வீண். எங்கள் டாக்டரம்மா ஒரு கூடை சாத்துக்குடியை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். பழத்தில் கை படிந்த பிறகு, நாங்கள் நர்ஸுகள் ஒருவர் கையில் ஒருவர் உப்புத் தண்ணீரை ஏற்றிப் பழகினோம். வீட்டில் என் மகன் என் முன்கையைப் பார்த்து, "என்னம்மா, ஆஸ்பத்திரியில அவ்ளோ கொசுவா?" என்று கேட்டான்.

எங்களுக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இரண்டு அறைக் கட்டிடத்தை வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார்கள். முன் அறையில் நாற்காலிகள். உள் அறையில் ஒரு கட்டில், மருந்துக் குளிர்பெட்டி, கரண்ட் போனால் உறுமிக்கொண்டு கிளம்பும் ஒரு ஜெனரேட்டர். ஜன்னலைத் திறந்தால் நாற்று நட்ட கழனி. அதில் கொக்குகள் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கொக்குகளின் ரத்தத்தில்தான் இந்தக் கிருமி ஓசைப்படாமல் வளரும் என்று படித்த பிறகு, அவற்றை முன்போல என்னால் பார்க்க முடியவில்லை.

பெரியவர்களுக்கு மட்டும்தான் எங்கள் ஆராய்ச்சி. நூறு நாள் வேலை முடிந்து வரும் பெண்கள், டிராக்டர் ஓட்டுபவர்கள், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன்கள் என்று வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சி சொல்றேன் சிஸ்டர்" என்று போய்விடுவார்கள்.

யோசிக்காமல் வந்தவள் ஒருத்தி. முப்பதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு, கையில் ரப்பர் வளையல், நேராகக் கழனியிலிருந்து வந்ததால் கணுக்கால் வரை காய்ந்த சேறு. அவளுக்குப் பின்னால் உயரமாக ஒருவன் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். வலது கை மார்போடு மடங்கியே இருந்தது. வாசலில் நின்று செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அவள் திரும்பிப் பார்க்காமலே அவனுக்காகக் காத்திருந்தாள்.

"எந்தம்பி, சிஸ்டர்," என்றாள். "சின்னப் புள்ளையில இந்தக் காய்ச்சல் வந்துதான் இப்டி ஆயிட்டான். நல்லா ஓடிக்கினு இருந்த புள்ள. ஜொரம்னு படுத்தான். ஃபிட்ஸ் வந்து, நெனவு தப்பி, ஆஸ்பத்திரியிலேந்து வூட்டுக்கு வர்ச்சொல்ல நடக்கவும் மறந்துட்டான், பேசவும் மறந்துட்டான். நான்தான் மறுபடியும் நடக்க வெச்சேன்."

தாய் தகப்பன் போன பிறகு அவனையும் கூட்டிக்கொண்டுதான் அவள் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவரிடமே, "இவனும் கூட வருவான்" என்று சொல்லிவிட்டாளாம். அவர் சரி என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்துபோனது.

நான் விதிமுறைகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. நடுவில் ரத்தம் எடுப்போம். பெண்களாக இருந்தால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் கர்ப்பப் பரிசோதனை உண்டு; இது முடிகிற வரைக்கும் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாளா வராதது இப்பத்தான் வரப்போவுதா? அத்த விடுங்க சிஸ்டர்."

சிரித்தபடியே சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் படிவத்தில் அடுத்த வரிக்குப் போனேன்.

குலுக்கலில் அவளுக்கு வந்தது தோலுக்குள் போடும் விதம். அன்று என் கை சரியாக இருந்தது. கொப்புளம் அழகாக எழும்பியது. அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கொசுக்கடிக்கு மருந்து போட வந்தா, நீங்களே கொசு மாதிரி கட்ச்சி வுட்டீங்களே!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக் கொப்புளத்தில் வாயால் ஊதினான். பிறகு தன் நல்ல கையை என் முன்னால் நீட்டினான்.

"எனக்கு."

அவன் பேசி நான் கேட்ட முதல் சொல் அது. தொண்டையிலிருந்து மெதுவாக, முழுதாக வந்தது. அவனுக்குப் போட முடியாது. தானே யோசித்துச் சம்மதம் சொல்லக்கூடியவர்களுக்கு மட்டும்தான் எங்கள் ஆராய்ச்சி.

"உனக்கு வேணாம் தம்பி. உன் உடம்பு அந்தக் காய்ச்சலோட ஏற்கெனவே சண்டை போட்டு ஜெயிச்சிடுச்சி. மறுபடி வந்தா அடிச்சித் துரத்த அதுக்குத் தெரியும். அக்காவுக்குத்தான் இன்னும் தெரியாது, அதனாலதான் ஊசி."

அவன் கையை இறக்கி, அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சிட்டான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல சிஸ்டர்," என்றாள். அவன் அன்றிலிருந்து எனக்கு 'ஊசிக்கா' என்று பெயர் வைத்தான்.

ஒரு மாதம் கழித்து அவள் இரண்டாவது ஊசிக்கு வந்தாள். வழக்கம்போல முதலில் பரிசோதனை. பட்டையில் சிறுநீர்ச் சொட்டு விட்டுவிட்டு நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு கோடு. புதுப் பட்டை எடுத்துச் செய்தேன். அதிலும் இரண்டு கோடு.

டாக்டரம்மா அன்று காஞ்சிபுரம் போயிருந்தார். போனில் சொன்னேன். "ஊசி போடாதீங்க. நீங்களே பக்குவமா சொல்லுங்க. நான் நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக்கே வரேன்," என்றார்.

வெளியே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், சக்கரை கீதா எனக்கு? எங்கம்மாவுக்கும் இருந்துச்சி."

"சக்கரை எல்லாம் இல்லம்மா. உக்காரு." அவள் உட்காரவில்லை. "நீ முழுகாம இருக்கே."

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். முகம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"இன்னொரு தபா பாருங்க சிஸ்டர்."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"எனக்கோசரம் இன்னொரு தபா."

பார்த்தேன். இந்த முறை அவளையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டேன். இரண்டாவது கோடு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கழனி வேலை செய்த கை, நகம் அழுந்தியது. அவள் அழவில்லை. "அப்ப இன்னிக்கு ஊசி இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன். அப்போதுதான் அவளுக்கு அடுத்தது தோன்றியது. முன்கையை, முன்பு கொப்புளம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு தடம்கூட இல்லை.

"அந்த ஊசி போடச்சொல்லவே உள்ள இருந்துச்சா?"

முதல் ஊசியன்று பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது தெரியவராத அளவுக்குச் சின்னதாக அப்போதே இருந்திருக்கலாம், அல்லது சில நாள் கழித்து வந்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொன்னேன். வாசலில் தம்பி கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் போய் அவனை எழுப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் டாக்டரம்மாவும் நானும் போனோம். அவளுடைய வீட்டுக்காரர் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுபவர். அன்று வேலைக்குப் போகவில்லை. சண்டைக்கு நிற்பார் என்று நினைத்துப் போன எனக்கு, அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டதே சங்கடமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன் மேடம்," என்றார். "அந்த ஊசியால புள்ளைக்கு எதுனா ஆவுமா?"

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இது செத்துப்போன கிருமியில செஞ்ச மருந்து. அதால நோய் வராது. கெடுதல் ஆகும்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ற அளவுக்கு, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தவங்க அதிகம் இல்ல. அதனால பிள்ளை பொறந்து, வளந்து நிக்கிற வரைக்கும் நாங்க கூட இருக்கோம். சிஸ்டர் வந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

அவர் தலையாட்டினார். "மெய்ய சொன்னீங்க. அது போதும்," என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "டீ போடு," என்றார். உடனே, "வேணாம், நீ உக்காரு, நானே போடுறேன்," என்றார். அந்த டீ ஒரே சர்க்கரை. குடித்து முடித்தேன்.

அப்படித்தான் அந்த வீட்டுக்கு நான் போக ஆரம்பித்தேன். முதலில் வேலையாக. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, மற்றவர்களைப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாக அவள் வீடு. ரத்த அழுத்தம் பார்ப்பேன், எடை பார்ப்பேன், இரும்பு மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்பேன். "துன்னேன் துன்னேன்" என்பாள். மாத்திரை அட்டையை எண்ணினால் பொய் தெரிந்துவிடும். வாந்தி, கால் வீக்கம் என்று அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது என் மனம் ஒரே இடத்தில் போய் நிற்கும். அந்தச் சொட்டை ஏற்றியது என் கை. தவறாக ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனாலும் என் கை.

ஐந்தாவது மாத ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். ஸ்கேன் அறையில் இருந்தவர் குழந்தையின் தலையை அளந்தார், முதுகெலும்பைப் பார்த்தார், இதயத்தைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். வெளியே வந்ததும் அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்று குடித்தேன்.

அதற்கடுத்த முறை நான் போனபோது வீடு வேறு மாதிரி இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எங்க நாத்தனாரு வந்துச்சி, பழையசீவரத்துலேந்து," என்றாள். "ஊசி மருந்து ஏறின வவுத்துல வளர்ற புள்ள மூளை சரியில்லாமதான் பொறக்குமாம். உந்தம்பி மாதிரி வூட்டுக்கு ஒண்ணு பத்தாதா, கலைச்சிடுன்னு சொல்லுது. அவன் அங்கயே கீறான் சிஸ்டர். மாட்டுக்குத் தண்ணி வெச்சிக்கினு அங்கயே கீறான். அவன் காதுல வுய்யாதா?"

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"அவன மாதிரி பொறந்தா பொறக்கட்டும் சிஸ்டர். அவன நடக்க வெச்சவ நானு. சோறு துன்ன வெச்சவ நானு. அது ஒண்ணும் எனக்குப் புச்சு இல்ல." வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஆனா பயமா கீது," என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். நர்ஸ் சொல்லக்கூடாத வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். தம்பி என்னைப் பார்த்தும் 'ஊசிக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டு வரவில்லை. தூரத்தில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கேட்டதற்கு அவள் குரலைத் தாழ்த்தினாள். நாத்தனார் வந்துபோனதிலிருந்து அவன் வீட்டுக்குள் வருவதே இல்லையாம். மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கிறான், தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் வந்து எடுத்துக்கொள்கிறான். திட்டியும் பார்த்தாகிவிட்டது, கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது.

நான் வைக்கோல் போர் வரைக்கும் போனேன். "என்ன தம்பி, அக்காகிட்ட கோபமா?"

தலையை இல்லை என்று ஆட்டினான்.

"பின்ன ஏன் உள்ள போறதில்ல?"

அவனுக்கு வார்த்தை கிடைக்க நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வான். நான் கொட்டகை ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னான்.

"பாப்பாக்கு... ஒட்டிக்கும்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தன்னிடம் இருப்பது அந்தக் குழந்தைக்குப் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். நாத்தனார் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான். தனக்குத் தெரிந்த விதத்தில் அதைப் புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த விதத்தில் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

"தம்பி, இங்க பாரு. இந்தக் காய்ச்சல் கொசு கடிச்சாத்தான் வரும். மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு ஒட்டாது. தொட்டா ஒட்டாது. பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது. உங்கிட்டேருந்து அது எப்பவோ போயிடுச்சி."

"மெய்யா?"

"மெய்யா."

நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி எழுந்து, பெரிய வயிற்றோடு கொட்டகைக்கு வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் குரலில் அதட்டல்.

"பாப்பா ஒன்ன மாதிரி பிடிவாதம் புடிச்சா அதுக்குதாண்டா நான் பயப்படணும். எங்க, கைய குடு."

அவன் நல்ல கையைக் கொடுத்தான். "அது வேணாம், இது," என்று மடங்கியிருந்த கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை உதைத்தது போலிருக்கிறது. அவன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த மாடு மிரண்டு தள்ளி நின்றது.

மழைக்காலத்தில் அவளுக்கு வலி எடுத்தது. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. காலையில் அவள் வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் எங்கள் வேனில் வந்துகொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே தரைப்பாலத்தின் மேல் ஏரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேன் இறங்காது என்று டிரைவர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸும் இந்தப் பக்கமே வந்து நின்றது. கலங்கிய தண்ணீர் பாலத்தின் விளிம்பைத் தாண்டிச் சுழித்துக்கொண்டு போனதைப் பார்த்தபடி நாங்கள் நின்றோம்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்காரர் முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்துவந்திருந்தார். பின்னால் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்துவீட்டு அம்மாள் அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். டிரெய்லரின் நடுவில் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒரு தார்ப்பாயை அவள் மேல் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்திருந்தான், இரண்டு கையாலும். அந்த மடங்கிய கை தலைக்கு மேல் போய் நான் பார்த்ததே இல்லை. அவன் முழுக்க நனைந்திருந்தான். அவள்மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை.

டிராக்டர் தண்ணீரில் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. அருகில் வந்து நின்றதும் கண்ணைத் திறந்தேன். "சிஸ்டர், வலிக்குது சிஸ்டர்," என்றாள் அவள், என்னைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே.

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கு வெளியே நானும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் உட்காரவே இல்லை. என் துப்பட்டாவைக் கொடுத்துத் தம்பியைத் தலை துவட்டச் சொன்னேன். உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் அவன் காதைப் பொத்திக்கொண்டான். இத்தனை பிரசவம் பார்த்த எனக்கும் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே அழுதது. நல்ல குரல். குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் டாக்டரம்மாவும் வந்து தலை முதல் கால் வரை தடவித் தடவிப் பார்த்தார். குழந்தையின் உள்ளங்கையில் அவர் விரலை வைத்ததும் அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா விரலை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றார். எவ்வளவு பாரத்தை அவரும் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் மூளை சம்பந்தப்பட்டதெல்லாம் பிறந்த அன்றே தெரிந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். முகம் பார்க்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா, தலை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பெற்ற பிள்ளைக்குக்கூட இதையெல்லாம் இப்படிப் பார்த்ததில்லை. போனதும் கையைக் கழுவிவிட்டு முதலில் குழந்தையைத்தான் தூக்குவேன். அவள் கேலி செய்வாள். "எனக்கு பிபி பார்க்க வந்தீங்களா, எம்மவள கொஞ்ச வந்தீங்களா?"

குழந்தை முதலில் சிரித்தது அவளைப் பார்த்தோ அப்பாவைப் பார்த்தோ இல்லை. மாமனைப் பார்த்துத்தான். அவன் பேசுவது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும் அல்லவா, அது ஒருவேளை குழந்தைக்கு வசதியாக இருந்திருக்கலாம். "வா... டி... தங்கம்" என்று அவன் இழுத்துச் சொல்லும்போது கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நடந்தது. ஒருநாள் அது என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாமா, வூட்டுல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டார். "இல்லம்மா, நல்ல சேதிதான்," என்றேன். அவர் நம்பவில்லை. தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆராய்ச்சி முடிந்தது. ஒரு நாள் எங்களை உட்காரவைத்து முடிவைச் சொன்னார்கள். தோலுக்குள் போட்ட அந்தச் சொட்டு, முழு அளவைவிடப் பெரிதாகப் பின்தங்கவில்லை என்றார்கள். கருவி சில பேருக்குச் சரியாக வேலை செய்யவில்லை, இன்னும் சீர்படுத்த வேண்டும் என்றார்கள். இதையே இன்னும் நிறைய பேரிடம் பார்த்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியுமாம். வரைபடங்களைத் திரையில் காட்டினார்கள். நான் கைதட்டினேன். அதில் எந்தக் கோட்டிலும் அவள் இருக்க மாட்டாள், பாதியில் நின்றவள் என்பதால்.

அவள் விடவில்லை. "எனக்கு ஒரு ஊசி பாக்கி கீது சிஸ்டர்," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் நின்றவர்களுக்கு வழக்கமான முறையில் முழுதாகப் போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். குழந்தை தாய்ப்பால் மறந்த பிறகு, கட்டிடத்தை நாங்கள் காலி செய்வதற்கு முந்தைய வாரம் அவளை வரச்சொன்னேன்.

வீட்டுக்காரரின் பைக்கில் வந்தாள். தம்பி நடந்தே வந்தான், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு. அதன் ஒரு கை அவன் காதைப் பிடித்திருந்தது. பரிசோதனைப் பட்டையைப் பார்த்ததும் அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இந்த முறை ஒரே கோடு. அவள் என்னைப் பார்த்து, "ஒண்ணு போதும் சிஸ்டர், இதுவே வூட்ட ரெண்டு பண்ணுது," என்று சிரித்தாள்.

தோள்பட்டையில் பஞ்சால் துடைத்து, சதையில் நேராக ஊசியை இறக்கினேன். "ஸ்ஸ்... ஆயி!" என்று பல்லைக் கடித்தாள்.

"அந்தச் சின்ன ஊசிதான் மேலு," என்றாள் தோளைத் தேய்த்தபடி. "உங்க டாக்டரு மேடம்கிட்ட நான் சொன்னன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுவரை குழந்தை அறை முழுவதும் நடந்தது. நாற்காலிகளுக்கு நடுவில் விழுந்தது, எழுந்தது, குளிர்பெட்டியின் மூடியைத் திறக்கப் பார்த்தது. மாமன் அதன் பின்னாலேயே காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேரின் நடையும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அவள் எழுந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நானும் சொல்லவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.